காட்டேரியும் ஊராரும்

இலக்கியக் கட்டுரைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட மலரில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவது முறையாகுமா என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதிலும் இரத்தம் குடிக்கும் பிணங்கள் உலவும் விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் பிணங்களன்று. அவற்றின் நடுவே கடை வைத்துக்கொண்டும், விறகு பிளந்துகொண்டும், இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டும் வாழ்கின்ற ஊரார். நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ‘அந்த இடத்தில் அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள்’ என்று வாதிடுகிறோம் அல்லவா? அதே கேள்விதான் இதுவும். கதை பொய்யாக இருக்கலாம்; கதைக்குள் நடமாடும் மனிதர் பொய்யாக இருத்தல் ஆகாது.

இக்கேள்வியை எழுப்பியவன் என் மகள் வயிற்றுப் பேரன். பெங்களூரில் எங்களோடு தங்கிப் பொறியியல் படிக்கிறான். 2011-ஆம் ஆண்டு பெத்தெஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ என்ற விளையாட்டைப் பத்தாண்டு கடந்தும் விடாமல் ஆடுகின்ற பெருங்கூட்டத்தில் அவனும் ஒருவன். பனி மூடிய வடபுலத்துக் கற்பனை நாடு அது. அங்கே ஆடுபவன் நோய் பற்றி, மூன்று நாள் மருந்தின்றிக் கழிந்தால் இரத்தக் காட்டேரியாக மாறிவிடுவான். பேரனும் அவ்வாறு மாறினான். வெளிறிய முகமும் ஒளிரும் கண்களுமாக நள்ளிரவில் ஒரு விடுதிக்குள் நுழைந்தான். அங்கிருந்தவர்களில் ஒருவர் அவன் முகம் வெளுத்திருக்கிறதே என்று ஒரு சொல் சொன்னதோடு சரி. விடுதிக்காரர் ரொட்டியை விற்றுக் காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.

“தாத்தா, இப்படி ஒருத்தன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து நின்னா, சோறு போட்டுக் காசு வாங்கிப்பாங்களா? ஊரே அலறிக்கிட்டு ஓடாதா?” என்று கேட்டான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுத் தணிக்கைப் பிரிவில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். சான்றுச்சீட்டு இல்லாத செலவை ஒப்புக்கொள்ளாத பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. ஓடும் என்றோ ஓடாது என்றோ ஊகத்தால் விடையிறுக்க மனம் வரவில்லை. இரத்தக் காட்டேரி என்று ஒன்று இல்லை, அதில் ஐயமில்லை. ஆனால் அது வந்துவிட்டது என்று முழுமனத்தோடு நம்பிய ஊர்கள் இருந்தன. அந்த ஊரார் என்ன செய்தார்கள் என்பதற்கு அரசு ஊழியர் கைப்பட எழுதிய அறிக்கைகளும் உள்ளன. எனக்கு அவை போதும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வாம்பயர்’ என்பதற்கு இரத்தக் காட்டேரி என்று தமிழ்ப்படுத்துவது திரைப்பட வழக்கால் நிலைத்துவிட்டது. நம் நாட்டுப்புறக் காட்டேரிக்கோ பொங்கலும் படையலும் உண்டு. காட்டேரி அம்மன் என்று கும்பிடுகிற குடும்பங்கள் உண்டு. கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் அவளைக் கயானா வரையில் கொண்டுசென்றனர். அச்சந்தரும் ஒன்றைத் தெய்வமாக்கி உறவு கொண்டாடுவது நம்மவர் வழி. ஐரோப்பியர் வழி வேறு. வேறு சொல் கைவசம் இல்லாமையால் வழக்கிலுள்ளதையே ஆள்கிறேன்.

1725-ஆம் ஆண்டு. துருக்கியரிடமிருந்து 1718 உடன்படிக்கையால் ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்திருந்த வட செர்பியாவில், கிசில்யேவோ என்றொரு சிற்றூர். அங்கே பீட்டர் பிளகோயேவிச் என்னும் குடியானவர் இறந்து, புதைக்கப்பட்டுப் பத்து வாரங்கள் ஆயின. பிறகு எட்டே நாளில் ஒன்பது பேர் இறந்தனர். ஒவ்வொருவரும் ஒரு நாள் நோயில் கிடந்து, ‘உறக்கத்தில் பீட்டர் வந்து என் மேல் படுத்துக் கழுத்தை நெரித்தான்’ என்று சொல்லிவிட்டு மடிந்தனராம். இறந்தவரின் மனைவியோ, கணவர் இரவில் வந்து தம் செருப்பைக் கேட்டதாகச் சொல்லி, ஊரை விட்டே போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஊரார் அலறி ஓடினார்களா? இல்லை. அரசு அலுவலரிடம் போனார்கள்! ஃபிராம்பால்ட் என்பவர் அந்த மாவட்டத்து நிர்வாக அதிகாரி. அவரையும் ஊர்ப் பாதிரியாரையும் உடன் வைத்துக்கொண்டு கல்லறையைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விண்ணப்பம். பெல்கிரேடிலுள்ள மேலிடத்துக்கு எழுதி அனுமதி பெற்றுத்தான் செய்யலாம் என்று அதிகாரி சொன்னார். எந்த நாட்டு அதிகாரியும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஊரார் அதற்கு இசையவில்லை. ‘மேலிடத்து உத்தரவு வருமுன் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் அப்படி நடந்ததுண்டு, நீர் வராவிட்டால் வீடு வாசலை விட்டு எல்லோரும் வெளியேறிவிடுவோம்’ என்றனர். குடிகள் வெளியேறினால் வரி எங்கிருந்து வரும்? அதிகாரி போனார். பார்த்தார். உடல் அழுகாமலிருந்தது, வாயில் இரத்தம் தெரிந்தது. ஊரார் கூர்ங்கழியை மார்பில் இறக்கி, உடலை எரித்துச் சாம்பலாக்கினர். அனைத்தையும் விவரமாக எழுதிய அதிகாரி, இதில் பிழை ஏதேனும் இருப்பின் அது தம்முடையதன்று, அச்சத்தால் நிலைதடுமாறிய கூட்டத்தினுடையது என்று முடித்தார். அந்த அறிக்கை 1725 ஜூலையில் வியன்னா செய்தித்தாளில் அச்சேறியது. அதன் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தகைய வாக்கியங்களை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன்.

ஏழாண்டுக்குள் இன்னொன்று. மெட்வெஜா என்னும் ஊரில் 1731-இன் இறுதியில், மூன்று மாதத்தில் பதினேழு பேர் இறந்தனர். சில ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து மாண்ட அர்னால்ட் பவுலே என்பவர் தொடக்கி வைத்த வினை என்று ஊர் நம்பியது. முதலில் கிளாசர் என்ற தொற்றுநோய் மருத்துவர் வந்தார். அவர் கண்டு எழுதிய செய்தி ஒன்று என் நெஞ்சில் நின்றுவிட்டது. இரவு வந்ததும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடுவார்களாம். சிலர் உறங்க, சிலர் விழித்திருந்து காவல் காப்பார்களாம். தொற்றுநோய் பரவுவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டுமா என்று இன்று கேட்கலாம். ஆனால் அந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். பிறகு 1732 ஜனவரியில் ஃப்ளூக்கிங்கர் என்னும் படை மருத்துவர் தலைமையில் குழு ஒன்று வந்தது. கல்லறைகளைத் தோண்டி, பிணங்களை வரிசையாகப் பிரித்து, அழுகியவற்றைத் திரும்பப் புதைக்கச் செய்தது. அழுகாதவற்றின் தலையைத் துணித்து, எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் விட்டனர். ஒவ்வொரு உடலுக்கும் எண்ணிட்டு, வயதும் இறந்த நாளும் குறித்து, சாட்சிகள் ஒப்பமிட்ட அறிக்கை அது. தணிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடிப்படை மட்டுமே பொய்.

இந்த மூல ஆவணங்களை வைத்துக்கொண்டு விளையாட்டுகளை உரைத்துப் பார்க்கலாம்.

பழையது ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானிய நிறுவனமான கொனாமி 1987-இல் வெளியிட்ட ‘கேசில்வேனியா’ வரிசையின் இரண்டாம் விளையாட்டில், பகலில் ஊரார் தெருவில் நின்று பேசுவர். இருட்டியதும் கடையும் கோயிலும் அடைபடும்; தெருவில் மனிதர் எவரும் இரார்; பேய்களே திரியும். பகலில் பேசுபவர்களிலும் பலர் சொல்வது பொய்யாகவோ பொருளற்றதாகவோ இருக்கும். மொழிபெயர்ப்பின் குறையும் அதில் உண்டு என்பர். எனக்கோ அந்தச் சிறிய சதுரப் படங்களுக்குள் உண்மை ஒன்று மின்னுவதாகத் தோன்றியது. அஞ்சி வாழும் ஊரில் வழிப்போக்கனுக்கு நேரான விடை எங்கே கிடைக்கும்?

2004-இல் வந்த ‘பிளட்லைன்ஸ்’ இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடப்பது. காட்டேரிகள் மக்களிடையே தம்மை மறைத்து வாழ வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். ஐந்து முறை வெளிப்பட்டுவிட்டால் ஆட்டமே முடிந்தது. நகரத்தார் கண்டால் கூவி ஓடுவர், காவலர் வருவர். மற்ற நேரங்களில் தம் வழியே போவர். பெருநகர மக்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? மும்பையிலோ தில்லியிலோ அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை அறியாமலே முப்பதாண்டு கழித்தவர்கள் நம்மிடையே உண்டு.

2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் ஸ்கின்கிராட் என்றொரு செழிப்பான ஊர். அதன் ஆட்சியாளர் பிரபு ஒருவர், அவரே காட்டேரி. பகலில் வெளிவருவதில்லை, எளிதில் எவருக்கும் காட்சி தருவதில்லை. ஊரார் அதை அவருடைய தனிமை விருப்பம் என்று எடுத்துக்கொள்கின்றனர். தெருக்கள் தூய்மையாக உள்ளன, திராட்சைத் தோட்டங்கள் விளைகின்றன. பிறகு எதற்கு ஆராய்ச்சி? பேரன் இதைக் குறை என்றான். நான் ஒப்பவில்லை. நன்றாக நடக்கும் அலுவலகத்தில் தலைமை அதிகாரி நிழல் விழாதவர் என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கோப்பில் எழுத எவர் முன்வருவார்?

இனி ஸ்கைரிம். காட்டேரியாகிவிட்டவன் இரத்தம் குடியாமல் நாளைக் கழிக்கக் கழிக்க அவன் முகம் கொடிதாகும். 2011-இல் வந்த முதல் வடிவில், நான்காம் நிலையை எட்டியவனைக் கண்டவுடன் கொல்லனும் குடியானவனும் கடைக்காரியும் ஆயுதமெடுத்துப் பாய்வர். மறுத்து நோன்பிருப்பவனுக்கு அடி. உறங்குகிறவரைக் கடித்துவிட்டு வந்தவனுக்கு வணக்கம். 2012-இல் வந்த ‘டான்கார்டு’ என்னும் இணைப்பு அந்த விதியைத் தளர்த்திவிட்டது. அதனால்தான் பேரனுக்கு ரொட்டி கிடைத்தது. அதே இணைப்பு, இரவில் ஊருக்குள் புகுந்து தாக்கும் காட்டேரிகளையும் கொண்டுவந்தது. ஊரார் வெறுங்கத்தியோடு அவற்றின் மீது பாய்ந்து மடிந்தனர். ஆடுவோர் பலர் இதை நம்பத்தகாதது என்று எள்ளினர். பாய்வதும் பொய், விற்பதும் பொய் என்றால் எதுதான் மெய் என்பது பேரனின் கேள்வி.

பாய்வது பொய்யன்று என்பதே என் விடை. மக்கள் பாய்வர். 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் கொண்ட காட்டேரி ஒன்று இரண்டு சிறுவரைக் கொன்றுவிட்டது என்று வதந்தி எழுந்தது. காணாமற்போன சிறுவர் எவருமில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கல்லும் கழியும் ஏந்திக்கொண்டு, கோர்பல்ஸ் பகுதிக் கல்லறைத் தோட்டத்துக்குக் காட்டேரி வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டனர். மிகச் சிறிய பிள்ளைகளும் அதில் உண்டு. பெரியவர்கள் பழியை அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகங்கள் மீது போட்டனர். மறு ஆண்டில் பிரிட்டனில் சிறுவர்க்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமே வந்தது. இன்று கணினி விளையாட்டு நிற்கும் குற்றவாளிக் கூண்டில் அன்று சித்திரக்கதை நின்றது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உவகையே மிகுகிறது.

உவகைக்கு இடமில்லாத செய்தியும் உண்டு. 2017 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுத் தென்பகுதியில் இரத்தம் உறிஞ்சுவோர் திரிகின்றனர் என்று பேச்சுப் பரவியது. ஊரார் இரவுக்காவல் போட்டனர், வழிகளை மறித்தனர், ஐயப்பட்டவர்களை அடித்தே கொன்றனர். மாண்டவர்களில் வலிப்பு நோயுள்ள இளைஞர் ஒருவரும் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் ஊழியர்களை இரண்டு மாவட்டங்களிலிருந்து இடம் மாற்றியது. அரசு இரவு ஊரடங்கு விதித்தது. முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட செர்பியக் கதையன்று இது. கைப்பேசியும் வானொலியும் உள்ள காலம்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். விளையாட்டுகளில் எனக்குக் கண்ணில் படாதது இந்தப் பழமொழிதான். ஸ்கைரிம் ஊரார் பாயும்போது, அவர்கள் பாய்வது மெய்யான காட்டேரியின் மீது. ஆடுபவன் காட்டேரி என்பது விளையாட்டுக்குத் தெரியும்; ஆகவே ஊராருக்கும் தெரிந்துவிடுகிறது. அவர்கள் ஒருபோதும் ஆள் மாறி அடிப்பதில்லை. இரவெல்லாம் கண் விழித்து வந்தவனை, சோகை பிடித்தவனை, வலிப்பில் வாய் நுரைத்தவனை, வேற்றூர்க்காரனை அவர்கள் காட்டேரி என்று நினைத்து அடிப்பதில்லை. ஆவணங்களில் உள்ள ஊராரோ ஒருமுறைகூடச் சரியான ஆளை அடித்ததில்லை, அடிக்கவும் இயலாது. விளையாட்டு, பிழை செய்யாத ஊரைப் படைக்கிறது. நம்ப முடியாதது அதுதான்.

விதிவிலக்கு ஒன்றை அதே ஸ்கைரிம் விளையாட்டில் கண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தின் கரையில் மார்த்தல் என்றொரு சிறிய ஊர். அங்கே ஒரு வீடு எரிந்து தாயும் மகளும் மாண்டனர். அந்த வீட்டுக்காரர் மறுநாளே ஆல்வா என்ற பெண்ணோடு வாழப் போய்விட்டார். ஊரில் என்ன பேச்சு நடக்கும்? நடந்தது. அவரே தீ வைத்தார் என்று ஊர் முணுமுணுத்தது. ஆல்வா காட்டேரி என்பது எவர் எண்ணத்திலும் எழவில்லை. கள்ளக்காதல் என்பதே எல்லாவற்றுக்கும் போதிய விளக்கமாயிற்று. அதே ஊரில் ஃபாலியன் என்னும் மந்திரவாதி இருக்கிறார். இரவில் எங்கோ போகிறார், என்னவோ செய்கிறார் என்று ஊரார் அவர் மீது ஐயங்கொண்டுள்ளனர். உண்மையில் காட்டேரி நோயைத் தீர்க்கும் வழி அறிந்தவர் அவர். ஊரின் ஐயம் உதவக்கூடிய ஒரே மனிதரின் மீது படிந்திருக்கிறது. இதை எழுதியவர் யாராயினும் சிற்றூரில் வாழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு நில்லாது கதை மேலும் செல்கிறது. உண்மை வெளிப்பட்டதும் தோனிர் என்பவர் தலைமையில் ஊரார் திரண்டு, பந்தமும் ஆயுதமுமாகக் காட்டேரிகளின் குகைக்குப் புறப்படுகின்றனர். வழியெல்லாம் ஆரவாரம். குகை வாயிலை அடைந்ததும் ஆரவாரம் அடங்குகிறது, ஒவ்வொருவராகத் திரும்பிவிடுகின்றனர். தோனிர் மட்டும் நிற்கிறார். அவருடைய மனைவி ஓடிப்போனாள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் காட்டேரியாக்கப்பட்டு மாண்டாள் என்பதை அப்போதுதான் அறிந்திருந்தார். மற்றவர்க்குக் குகையில் இருப்பது காட்டேரி. அவருக்கு அது மனைவியின் மரணம். பேரன் அந்த இடத்தை ஆடிக் காட்டியபோது, திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவர்களைத்தான் நன்றாகத் தெரிந்தது.

ஏன் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் என் மனைவிக்குக் கொரோனா தொற்றியது. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில், எங்கள் கதவில் அறிவிப்புத்தாள் ஒன்றை ஒட்டிப்போயினர். பன்னிரண்டு ஆண்டுகளாக மாலைக் காப்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள், அன்றே தம் வாசலில் வேப்பிலை செருகினார். நாங்கள் மின்தூக்கியைத் தொடக்கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் முதலில் குரல் எழுப்பியவரும் அவர்தாம். தம் பிள்ளைகள் எங்கள் கதவைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளப் பழக்கியிருந்தார். அந்தச் சிறுவர் கன்னம் உப்பிக்கொண்டு ஓடுவதைக் கதவின் துளை வழியே பார்த்திருக்கிறேன். அன்று மாலை ஆறு மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. “அக்கா, ரசம் வெச்சிருக்கேன். நான் கதவைச் சாத்தினப்புறம் எடுத்துக்குங்க” என்று குரல். படியில் தூக்குப்பாத்திரம் இருந்தது. பதினான்கு நாளும் ஒரு நாள் தவறாமல் இருந்தது. என் மனைவிக்கு மணமும் சுவையும் போய்விட்டிருந்தன. ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.

மின்தூக்கியைப் பற்றி அவர் பேசிய பேச்சு எனக்கு வலித்தது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அந்த ரசமும் மறக்கவில்லை. 2021-இல் அவர் வீட்டுக்கு நோய் வந்தபோது அதே படியில் எங்கள் பாத்திரம் இருந்தது.

ஆப்லிவியன் விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரமும் ஆடுபவன் மீது கொண்ட மதிப்பை நூற்றுக்குள் ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். எண் உயர்ந்தால் நட்பு, தாழ்ந்தால் பகை. எதிர்வீட்டு அம்மாளுக்கு நான் என்ன எண் போடுவது? பேரேட்டில்கூடப் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. கூட்டிக் கழித்து ஒரே இலக்கமாக்குவது ஆண்டிறுதியில்தான். அஞ்சுகிற மனிதரிடம் இரண்டு பத்திகளும் ஒரே வேளையில் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. கூடிப் படுத்துறங்கிய மெட்வெஜாக் குடும்பங்களும் மறுநாள் தம்முள் ஒருவரை ஐயப்பட்டிருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன்.

இந்த இரட்டை நிலைக்கு அருகே வந்தது 2018-இல் பிரெஞ்சு நிறுவனமான டோண்ட்நாட் வெளியிட்ட ‘வாம்பயர்’. களம், 1918-இன் இன்புளுயன்சாக் காய்ச்சல் சூழ்ந்த லண்டன். ஆடுபவன் ஒரு மருத்துவர். காட்டேரியாகி, அறியாமல் முதலில் கொன்றது தம் தங்கையையே. ஊரார் அவரை நம்பித் தம் துயரங்களைச் சொல்கின்றனர். எவ்வளவு சொல்கின்றனரோ அவ்வளவு அவர்தம் இரத்தம் அவருக்குப் பயன் தரும்! ஒருவரைக் கொன்றால் அவரைச் சார்ந்தவர் வாழ்வு சரியும், அந்தப் பகுதியில் நோய் மிகும். மக்கள் சாவுகளைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். அருகிலேயே கொள்ளைநோய் இருக்கையில் காட்டேரியை யார் தேடுவார்? நம்பத்தகுந்ததே. ஆனால் இங்கும் ஒரு புரட்டு இருக்கிறது. அந்த விளையாட்டில் காட்டேரியின் வேலையை நோய் என்று நினைக்கிறார்கள். வரலாற்றில் நோயின் வேலையைக் காட்டேரி என்று நினைத்தார்கள்.

பேரனிடம் கடைசியாக ஒரு வழக்கைச் சொன்னேன். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் எக்ஸெட்டர் என்னும் ஊர், ஆண்டு 1892. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து பத்தாண்டு ஆகியிருந்தது. ஜார்ஜ் பிரவுன் என்ற உழவர் எலும்புருக்கி நோய்க்கு மனைவியையும் மூத்த மகளையும் முன்பே பறிகொடுத்திருந்தார். அந்த ஜனவரியில் பத்தொன்பது வயது மகள் மெர்சியும் போனாள். மகன் எட்வின் அதே நோயில் கிடந்தான். கொலராடோ வரை சென்று தங்கியும் தேறவில்லை. அயலார் வந்தனர். இறந்த மூவரில் ஒருவர் உயிருள்ள மகனை உறிஞ்சுகிறார், கல்லறைகளைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்றனர். பகைவர் அல்லர் அவர்கள். எட்வின் பிழைக்க வேண்டும் என்றே வந்தவர்கள்.

ஜார்ஜ் பிரவுனுக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. ஆயினும் சரி என்றார். மார்ச் 17-ஆம் நாள் திறந்தனர். தாயும் மூத்தவளும் எலும்பாகியிருந்தனர். குளிர்காலத்தில் இறந்து இரண்டு மாதமே ஆன மெர்சியின் உடல் கெடாமலிருந்ததில் வியப்பென்ன? உடனிருந்த மருத்துவர், நுரையீரலில் காசநோயின் அடையாளம் இருப்பதைக் காட்டி, இது இயற்கைதான் என்று எடுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை. இதயத்தையும் ஈரலையும் பாறை மீது வைத்து எரித்து, சாம்பலை எட்வினுக்குக் கரைத்துக் கொடுத்தனர்.

“அந்த அப்பாவுக்கு விளையாட்டுல என்ன வேஷம் குடுக்கறது?” என்று பேரன் கேட்டான். நம்பாதவர், ஆனால் மறுக்காதவர். கத்தி எடுக்காதவர், ஓடாதவர். எந்த விசையை அழுத்தினால் அவர் அசைவார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அவன் மொழியில் சொல்லத் தெரியவில்லை. மகள் உடலைத் திறந்த அன்று அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. எட்வின் மே மாதத்தில் இறந்தான். ஜார்ஜ் பிரவுன் அதன் பின்னும் பல்லாண்டுகள் உயிர் வாழ்ந்தார்.